துண்டுக்கு அடியில் நீ பேசிய கடன்

மாப்ளே,

இன்று காலை உன் துண்டைத் துவைத்துக் கொடியில் போட்டேன். வெயில் ஏறுவதற்குள் காய்ந்துவிட்டது. மடிக்கும்போது ஒரு ஓரத்தை மூக்கருகே கொண்டுபோனேன். எத்தனை முறை சோப்புப் போட்டாலும் அந்த வாடை போவதில்லை. புண்ணாக்கு, மூக்குப்பொடி, சந்தையில் நாள் முழுக்க வெயிலில் நின்ற மாட்டின் மேலிருந்து வரும் சூடு, எல்லாம் சேர்ந்த வாடை. நீ கண்ணை மூடிய பிறகு உன் வீட்டுக்காரிதான் இதை என்னிடம் கொடுத்தது. "அண்ணே, இங்க கெடந்தா யாராச்சும் அடுப்பு தொடைக்க எடுத்துருவாக. ஒங்ககிட்ட இருக்கட்டும்" என்றது.

வாடை மூக்கில் ஏறியதும் உன்னோடு பேசவேண்டும் போலிருந்தது. முன்பென்றால் உன் பெயரைச் சொல்லிவிட்டு ஆடுகளைப் பத்திக்கொண்டு போயிருப்பேன். இப்போது எனக்கு வேறு வழி இருக்கிறது. நான் எழுதுகிறேன். நீ நம்பமாட்டாய் என்பதால் மறுபடியும் சொல்கிறேன்: யாரையும் உட்காரவைத்துச் சொல்லி எழுதவில்லை, நானே எழுதுகிறேன். ஒரு வரி முடித்ததும் விரலை நெட்டி முறித்துக்கொள்கிறேன். ஆட்டைக் கொண்டுபோய் அடைத்துவிட்டு வந்து அடுத்த வரி. இந்த மடல் முடிய எத்தனை நாள் ஆகுமோ தெரியாது. உனக்கு அவசரம் இல்லை, எனக்கும் இல்லை.

பள்ளிக்கூடத்தில் பொழுது சாயும் நேரத்தில் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. அங்கே கற்றுக்கொண்டேன். திருச்சுழி பஸ்ஸை நாம் எப்படிக் கண்டுபிடிப்போம், நினைவிருக்கிறதா? அதன் முகத்தில் இருந்த நசுங்கலை வைத்துத்தான். ஒரு நாள் அதைத் தட்டிச் சரிசெய்து பெயிண்டும் அடித்துவிட்டார்கள். நாம் இரண்டு பேரும் நம் பஸ் வரவில்லை என்று பேசிக்கொண்டு நின்றோம், அது நம் முன்னால் நின்று ஆளை ஏற்றிக்கொண்டு போயிற்று. இப்போது போர்டைப் பார்த்து வாசிக்கிறேன். ஊர்ப்பெயரை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் பஸ் கிளம்பிவிடும் என்று பார்த்தால், நம் ஊர் பஸ் அவ்வளவு வேகமாகக் கிளம்புவதில்லை. அது எனக்காகவே நிற்கிற மாதிரி இருக்கிறது. போர்டை வாசிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. கண்டக்டர், "என்ன பெரியவரே, தனியாச் சிரிக்கீக" என்று கேட்கிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன்னிடம் ஒரு முடிவைப் பற்றிச் சொல்லவேண்டும்.

காரியாபட்டிச் சந்தையில் நீ மாட்டுத் தரகு பேசும்போது நான் வண்டியோடு பக்கத்தில் நிற்பேன். விற்கிறவன் கையையும் வாங்குகிறவன் கையையும் மாறி மாறித் துண்டுக்கு அடியில் பிடிப்பாய். எத்தனை விரலைப் பிடிக்கிறாயோ அத்தனை பத்து ரூபாய். வாய் மழையைப் பற்றிப் பேசும், விரல்கள் விலையைப் பேசும். சுற்றி நிற்கிற ஒருவருக்கும் என்ன விலை என்று தெரியாது. முடிந்த பிறகும் நீ கையைச் சட்டென்று எடுக்கமாட்டாய். விற்றவன் கையைக் கொஞ்ச நேரம் சும்மா பிடித்திருப்பாய். ஏன் என்று ஒரு முறை கேட்டேன். "வெடுக்குன்னு எடுத்தா அவனுக்கு என்னமோ போல இருக்கும்லே. மாட்ட வித்துட்டு நிக்கான்" என்றாய்.

அந்தத் துண்டை மாட்டுக்கு மட்டும் போட்டிருந்தால் நீயும் சந்தையில் இருக்கிற தரகர்களில் ஒருவன். நீ அதைக் கடனுக்கும் போட்டாய். வானம் பார்த்த பூமியில் கடன் இல்லாத வீடு எது? பருத்தி போட்டவன் மழை ஏமாற்றினால் கடையில் கடன் வாங்குவான். மறு வருஷமும் ஏமாற்றினால் அந்தக் கடைப்பக்கமே போகாமல் வேறு தெருவைச் சுற்றிப் போவான். அப்படிச் சுற்றிப் போகிறவனைப் பார்த்தால் நீ கண்டுபிடித்துவிடுவாய். அவனைக் கூட்டிக்கொண்டு போய், கொடுத்தவர் கையைத் துண்டுக்குள் பிடித்து, இவனால் என்ன முடியும், எப்போது முடியும் என்று பேசி முடிப்பாய். மாட்டுக்கு இரண்டு பக்கமும் தரகு வாங்குகிற நீ, கடனுக்கு ஒரு டீ மட்டும்தான் குடிப்பாய். எதற்கு இதற்கும் துண்டு, வாயால் பேசினால் என்ன என்று கேட்டேன். "கடன்பட்டவனுக்குக் காசு அப்புறம்லே. மொதல்ல மூஞ்சிய மறைக்க ஒரு துணி வேணும்" என்றாய்.

பருத்தி போடும் சோலையின் விஷயம் உனக்கு மறந்திருக்காது. எம்.ரெட்டியபட்டி எண்ணெய்க் கடையில் அவன் வாங்கியிருந்த கடன் வட்டியோடு ஏறிப்போய், நிலத்தைக் கேட்கிற நிலைக்கு வந்தது. நீ கடைக்காரப் பெரியவரோடு பேசினாய். அந்தக் கடைக்காரர் கறாரான மனுஷன், ஆனால் பேச்சு மாறாதவர். வட்டியை அன்றோடு நிறுத்துவது, பருத்தி எடுத்ததும் ஒரு தொகையைக் கொடுத்துக் கணக்கை முடிப்பது என்று துண்டுக்குள் முடிந்தது. நான் அருகில்தான் நின்றேன். பருத்தி வெடிப்பதற்கு முன்னால் பெரியவர் மாரடைப்பில் போய்விட்டார்.

கடைக்கு அவர் மகன் வந்தார். அவரிடம் இருந்தது பழைய கணக்கு. அப்பா தம்மிடம் ஒன்றும் சொல்லவில்லை என்றார். பொய் சொல்கிற முகம் இல்லை அது, அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. கண்மாய்க்கரையில் நாலு பேர் கூடினார்கள். பேசினது யாருக்குத் தெரியும் என்று கேட்டபோது, நீ என்னைக் காட்டினாய். மகன் என்னிடம் மரியாதையாகத்தான் கேட்டார்.

"அண்ணாச்சி, நீங்க பக்கத்துல நின்னீகளாமே. எங்கப்பா எம்புட்டுக்குச் சம்மதிச்சாக?"

"நான் துண்டத்தான் பாத்தேன்" என்றேன்.

வேறு என்ன சொல்லமுடியும்? பார்த்தது அதுதான். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். "சரியாத்தான சொல்லுதான். யாரும் பாக்கக்கூடாதுன்னு தான துண்டப் போட்டோம்" என்றாய். அடுத்த சந்தையில் உன் சோடிக் காளைகளை நீயே விற்றாய். உனக்குத் தரகு பேச இன்னொரு தரகரைக் கூப்பிட்டாய். துண்டுக்குள் பேசியதற்கும் மகன் கேட்டதற்கும் நடுவில் இருந்த தொகையைக் கடையில் கட்டினாய். சோலைக்கு நிலம் நின்றது. உனக்குக் காளை போயிற்று. திரும்பி வரும்போது என் வண்டியில்தான் வந்தாய். பாதி வழி வந்தோம். பிறகு, "ஏலே, நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தனாச்சும் எழுதப் படிக்கத் தெரிஞ்சவனா இருந்திருக்கணும்லே" என்றாய். குறைப்பட்டுச் சொல்லவில்லை. வண்டிக்கு மசகு போட்டிருக்கணும் என்பதுபோலச் சொன்னாய்.

நீ போய் நாலைந்து வருஷத்துக்குப் பிறகுதான் நான் அந்த வகுப்பில் போய் உட்கார்ந்தேன். உன் பேச்சை நினைத்துத்தான் போனேன் என்று சொல்லலாம். சும்மா ஆசையாலும் போனேன்.

எழுத்துக் கூட்டத் தெரிந்தவனுக்குச் சுவர் எல்லாம் கூப்பிடும். மூன்று மாதம் முன்னால் அருப்புக்கோட்டையில் ஆட்டை விற்றுவிட்டு வரும்போது ஒரு பருத்திக் குடோன் சுவரில் ஒட்டியிருந்ததை வாசித்தேன். கடன் ஆலோசகர் பயிற்சி என்று இருந்தது. ஆலோசகர் என்பதை மூன்று தடவை வாசித்தேன். டீக்கடையில் கேட்டேன். ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா ஒருவர் மாடியில் நடத்துகிறார், கடன்பட்டவர்களுக்கு யோசனை சொல்லக் கற்றுத் தருகிறார் என்றார்கள். அரசாங்கம் ஏழைகளின் கடனுக்குச் சலுகை என்று உத்தரவு போட்டிருக்கிறது, யாருக்கு அது உண்டு, யாருக்கு இல்லை என்று ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. அதை எல்லாம் சொல்லித் தருகிறாராம். சனிக்கிழமை தோறும் வகுப்பு. கட்டணம் நூற்றைம்பது ரூபாய்.

என் மடியில் ஆடு விற்ற பணம் இருந்தது. கூரை மேய்வதற்கென்று வைத்த பணம், அதுவும் சரியாக நூற்றைம்பது.

அன்று நான் கட்டவில்லை. வீட்டுக்கு வந்து மருமகளிடம் சொன்னேன். அது முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தது.

"ஏன் மாமா, படிச்சு முடிச்சுத் தாசில்தார் நாற்காலியிலயா ஒக்காரப் போறீக?"

"நாற்காலி என்னத்துக்கு? ஆட்டு மந்தைக்குப் பின்னால நின்னே யோசனை சொல்லலாம்."

"சொல்லுங்க சொல்லுங்க. மழ பெஞ்சா ஒழுகும், நாங்க நனைவோம். நீங்க எழுதுன தாளும் சேந்து நனையும்."

அது சொன்னதில் தப்பில்லை. அதைவிட என்னை யோசிக்கவைத்தது வேறொன்று. நூற்றைம்பது கொடுத்துக் கற்றால் அந்தப் பணத்தைத் திரும்ப எடுக்கவேண்டும். யாரிடம் எடுப்பது? கடனில் கிடப்பவனிடம்தான். மூழ்குகிறவனுக்குக் கை கொடுக்கக் கூலி கேட்கிற மாதிரி. நீ டீ குடித்துவிட்டுச் செய்ததை நான் காசு கொடுத்து வாங்கி, காசுக்கு விற்கவா? ஒரு பக்கம் அப்படித் தோன்றும். ஆட்டுக்குத் தழை ஒடிக்கும்போது மறுபக்கம் தோன்றும். நீ டீ குடித்துவிட்டுச் செய்தாய், சரி, அதற்குக் காளை போயிற்றே. இப்படியே ஒரு வாரம் போயிற்று. தலைக்குள் இரண்டு பக்கமும் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். முடியவில்லை.

வகுப்பு எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று அடுத்த சனிக்கிழமை போனேன். குமாஸ்தா வரவேற்றார். மெலிந்த மனிதர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத்தான் பேசுவார். பாய் விரித்து ஆறேழு பேர் உட்கார்ந்திருந்தார்கள், எல்லாம் இளவட்டங்கள். வட்டி கணக்கிடும் முறையைச் சொன்னார். வட்டிக்கும் சட்டத்தில் ஒரு வரம்பு உண்டு, அதற்கு மேல் வாங்கக்கூடாது என்றார். நான் வாயைப் பிளந்து கேட்டேன். இத்தனை வருஷம் வட்டி என்பது வெயில் மாதிரி, அடிக்கிறபடி அடிக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். உனக்கும் இது தெரியாது. தெரிந்திருந்தால் துண்டுக்குள் இன்னும் இரண்டு விரலைக் குறைத்திருப்பாய்.

அப்போது ஒரு பெண் படியேறி வந்தது. யோசனை கேட்கத்தான். நம் பக்கத்து ஊர்க்காரி, கூலிக்குப் பருத்தி எடுக்கப் போகிற பெண், முத்தம்மாள் என்று பெயர். குமாஸ்தா வகுப்புக்குப் பாடமாகவும் இருக்கட்டும் என்று நடுவில் உட்காரவைத்து, எவ்வளவு கடன், யாரிடம், எதற்கு என்று எல்லோரும் கேட்கும்படி கேட்டார். அவர் தப்பான மனிதர் இல்லை. அவருக்கு அது பாடம். அந்தப் பெண் சுற்றிப் பார்த்தது, என்னையும் பார்த்தது. ஏதோ சின்னத் தொகை சொன்னது. அதற்கு அவர் சொன்ன யோசனையைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு இறங்கிப் போயிற்று.

திரும்பும் பஸ்ஸில் அந்தப் பெண் எனக்கு முன் சீட்டில் இருந்தது. பஸ் பாலையம்பட்டி தாண்டியது. பிறகு திரும்பாமலே பேசியது.

"அங்க நான் சொன்னது பொய்யிங்கய்யா. நீங்க இருந்தீக, அதான்."

"தெரியும்மா. நானும் ஒரு பக்கமாத் திரும்பி இருந்திருக்கணும்" என்றேன்.

பஸ் சத்தத்துக்குள் உண்மைத் தொகையைச் சொன்னது. வீட்டுக்காரனின் வைத்தியத்துக்கு வாங்கியதாம். யாரிடம் என்று கேட்டேன். எம்.ரெட்டியபட்டி எண்ணெய்க் கடை. கட்டிய வட்டியைக் கேட்டேன். அது சொல்லச் சொல்ல, குமாஸ்தா சொன்ன வரம்பு என் தலைக்குள் ஓடியது. வரம்புக்கு மேல்தான் போயிருந்தது. எவ்வளவு மேல் என்று கணக்குப் போட எனக்குத் தெரியவில்லை. போட்டாலும் அதை எப்படி எழுதி வாங்குவது என்று தெரியவில்லை.

"நீங்க வந்து பேசுவீகளா?" என்று கேட்டது.

உன் துண்டு என் தோளில்தான் இருந்தது. பேச எனக்குத் தெரியும், உன்னோடு நின்று நின்று பழகியதுதான். பேசிவிட்டு வந்து, மறுபடியும் துண்டத்தான் பார்த்தேன் என்று யாரிடமாவது சொல்லவேண்டி வருமோ என்ற நினைப்புத்தான் நெஞ்சில் நின்றது. "கொஞ்ச நாள் பொறுத்துக்கம்மா, படிச்சுட்டு வாரேன்" என்றேன். அறுபது தாண்டியவன் இப்படிச் சொன்னதைக் கேட்டு, திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அந்தச் சிரிப்போடு என் முடிவும் ஆகிவிட்டது.

அடுத்த சனிக்கிழமை வகுப்புக்கு முன்பே போய்விட்டேன். குமாஸ்தா தனியாக இருந்தார். உன் துண்டை எடுத்து என் வலது கை மேல் போட்டு அவர் முன்னால் நீட்டினேன். விளையாட்டாகத்தான். படித்தவருக்கு இது எங்கே தெரியப்போகிறது, சிரித்துவிட்டு ஐந்தோ பத்தோ குறைப்பார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், கையைத் துண்டுக்குள் விட்டார், என் விரல்களைச் சரியாகப் பிடித்தார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"எங்கப்பா பருத்திக் கமிஷன் கடையில இருந்தாரு. அங்கயும் துண்டுதான்" என்றார்.

பிறகு நாங்கள் இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசினோம். பேசிப் பேசி என் கையை முழுதாகப் பிடித்து, விட்டு, மறுபடியும் முழுதாகப் பிடித்தார். நூறு. நான் கையை எடுக்கவில்லை. இன்னொன்றும் இருக்கிறது என்றேன், அதை மட்டும் வாயால் சொன்னேன். யோசனை கேட்டு வருகிறவர்களை உள் அறையில் வைத்துத் தனியாகக் கேட்கவேண்டும், நாங்கள் பாடம் படிக்க வேறு வழி பார்க்கவேண்டும் என்றேன். "அந்தப் பொண்ணு திரும்பி வரல, ஏன்னு பாத்தேன்" என்றார். அன்றிலிருந்து உள் அறையில்தான் கேட்கிறார். பணம் வாங்கியதற்குச் சீட்டுக் கேட்டேன். எழுதிக் கொடுத்தார். படியிலேயே உட்கார்ந்து அதை முழுதாக வாசித்துவிட்டுத்தான் இறங்கினேன்.

மீதி ஐம்பதுக்கு ஓலை வாங்கிப் பாதிக் கூரை மேய்ந்தோம். ஒழுகாத பாதியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். ஒழுகுகிற பாதியில் உட்காருகிற மருமகள், வந்து போகிறவர்களிடம், எங்க மாமா கூரையப் படிச்சுட்டாக என்கிறது.

இளவட்டங்கள் எழுதி முடித்துக் கொட்டாவி விடும்போது நான் பாதி எழுதியிருப்பேன். குமாஸ்தா காத்திருப்பார். வட்டிக் கணக்கு எனக்குச் சீக்கிரம் வந்துவிட்டது. எழுத்துத்தான் மெதுவாக வந்தது. கற்றபின் ஆளுக்கு இரண்டு ரூபாய் வாங்கலாம் என்று அவர் சொன்னார். கட்டணத்தை எடுக்கவேண்டும் என்ற கவலை எனக்கு இப்போது இல்லை. பாதிக் கூரை போனால் போகட்டும். டீயும் பஸ் காசும் போதும் என்று வைத்துக்கொண்டேன். மற்றவர்கள் வாங்கட்டும், அவர்களுக்குப் பிழைப்பு வேண்டும். எனக்கு ஆடு இருக்கிறது.

போன வாரம் முத்தம்மாளோடு எண்ணெய்க் கடைக்குப் போனேன்.

மகன் இப்போது நரைத்துப்போனார், உன் வயதுக்கு வந்துகொண்டிருக்கிறார். என் தோளில் இருந்த துண்டை அடையாளம் கண்டுகொண்டார் என்று நினைக்கிறேன். கடையில் இருந்த ஆட்களைப் பார்த்தேன், துண்டை விரித்தேன். அவர் கையைக் கொடுத்தார். முத்தம்மாள் தூணோரம் நின்றது. தன்னால் மாதம் எவ்வளவு முடியும் என்பதை வழியிலேயே என்னிடம் சொல்லியிருந்தது. வட்டி வரம்பை அவர் காதில் மட்டும் விழும்படி சொன்னேன். முதலில் அவர் விரல்கள் இறுகின. அவரும் கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்தான், பிறகு தளர்ந்தன. அதிகமாக வாங்கியது அசலில் கழிந்தது. மீதியை மாதாமாதம் கொடுப்பது என்று முடிந்தது. முடிந்தும் நான் கையை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் பிடித்திருந்தேன். அவருக்கும் இழப்புத்தானே.

பிறகு துண்டை எடுத்துத் தோளில் போட்டேன். பையிலிருந்து தாளை எடுத்து, எண்ணெய் டின் மேல் வைத்து எழுத ஆரம்பித்தேன். ஒவ்வொரு எழுத்தாக எழுதினேன். கடைக்கு வந்தவர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள், புதிதாக ஆட்கள் வந்தார்கள், நான் எழுதிக்கொண்டிருந்தேன். அவர் எட்டிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, நீங்க எழுதி முடிக்கதுக்குள்ள இன்னொரு மாச வட்டி ஏறிரும் போலிருக்கே."

"வட்டிய இன்னையோட நிறுத்தியாச்சு, மொத வரியே அதுதான்" என்றேன். முத்தம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார்.

கூட்டம் கலைந்ததும் மெல்லிய குரலில் இரண்டு பேருக்கும் வாசித்துக் காட்டினேன். அவர் கையெழுத்துப் போட்டார். முத்தம்மாள் பெருவிரல் வைத்தது. அவர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் திருப்பித் தராமல் நின்றார். "அன்னைக்கும் இப்பிடி ஒண்ணு இருந்திருந்தா, அவுக காளைய வித்திருக்க வேண்டாம்" என்றார். தாளைக் காட்டி, அடியில் ஓர் இடம் காலியாக இருக்கிறதே என்றார்.

சாட்சி என்று நானே எழுதி, நானே காலியாக விட்டிருந்த இடம்தான். மாப்ளே, உன் துண்டின் ஓரத்தால் விரலில் இருந்த மையைத் துடைத்தேன். அந்தக் கறை துவைத்தும் போகவில்லை, புண்ணாக்கு வாடையோடு அதுவும் இருக்கட்டும். பேனாவைப் பிடித்து அந்த இடத்தில் என் பெயரை எழுதினேன். மெதுவாகத்தான். அவரும் முத்தம்மாளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.